நிலவில் நிற்கும் எழுத்து.. நாஜிக்கள் கைது செய்த கலைஞர்! 'ஃபியூச்சுரா' எழுத்துருவை உருவாக்கிய பால் ரென்னர் யார்?

1969 ஜூலை 20. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் ஈகிள் கலத்தில் நிலவில் இறங்கினார்கள். அந்தக் கலத்தின் ஏணிப் பகுதியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பூமியின் இரண்டு அரைக்கோளப் படங்கள், சில வரிகள், மூன்று விண்வெளி வீரர்கள் மற்றும் அமெரிக்க அதிபர் நிக்சனின் கையெழுத்துகள். அவ்வளவுதான் அதில் இருந்தது. கலத்தின் கீழ்ப்பகுதியோடு அந்தத் தகடு இன்னமும் நிலவிலேயேதான் இருக்கு.

அந்த வரிகள் பொறிக்கப்பட்ட எழுத்துருவின் பெயர் ஃபியூச்சுரா. அதை வரைந்தவர் பால் ரென்னர் என்ற ஜெர்மானியர். அவர் உருவாக்கிய எழுத்து நிலவுக்குப் போனபோது அவர் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கும் முன்னால், 1933ல், அவருடைய சொந்த நாட்டு அரசே அவரைக் கைது செய்து வேலையை விட்டும் துரத்தியிருந்தது.

ஒரு எழுத்துருவை வரைந்தவரை அரசு ஏன் கைது செய்யணும்? இந்த எழுத்தில் அப்படி என்ன இருக்கு? ஃபெடெக்ஸ் லாரி முதல் லூயி விட்டான் கடை வரை இதன் சாயல் ஏன் தெரியுது? வாங்க, விரிவா பார்க்கலாம்.

முதலில், 'சான்ஸ்-செரிஃப்' என்றால் என்ன?

ஆங்கில நாளிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்க. எழுத்துகளின் கால்களிலும் நுனிகளிலும் சின்னச் சின்னக் கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுக்குப் பேர்தான் செரிஃப். அந்த நீட்டல்களே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால் அது சான்ஸ்-செரிஃப். உங்கள் போனில் தெரியும் ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

சான்ஸ்-செரிஃபிலேயே ஒரு தனிப் பிரிவு இருக்கு. அதில் எழுத்துகள் கையால் எழுதிய மாதிரி இருக்காது. காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்த மாதிரி வட்டம், முக்கோணம், நேர்கோடு என்று வடிவக் கணக்குப்படி இருக்கும். இதை ஜியோமெட்ரிக் சான்ஸ்-செரிஃப் என்கிறார்கள். இந்த வகையில் உலகம் அதிகம் அறிந்த எழுத்துருக்களில் ஒன்று ஃபியூச்சுரா. அதன் தடித்த வடிவமான ஃபியூச்சுரா போல்டு விளம்பர உலகத்தின் செல்லப்பிள்ளை.

ஓவியராக ஆசைப்பட்ட இளைஞர்

பால் ரென்னர் பிறந்தது 1878 ஆகஸ்ட் 9ம் தேதி, ஜெர்மனியின் வெர்னிகெரோடு என்ற ஊரில். கட்டுப்பாடான புராட்டஸ்டன்ட் குடும்பம். பெர்லின், மியூனிக், கார்ல்ஸ்ரூஹே நகரங்களின் கலைக் கல்லூரிகளில் ஓவியம் படித்தார். ஓவியர் ஆகணும் என்பதுதான் ஆசை.

ஆனால் ஓவியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? 1907ல் மியூனிக்கில் கியோர்க் முல்லர் என்ற பதிப்பகத்தில் புத்தக வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். அட்டை எப்படி இருக்கணும், பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் விடணும், எந்த எழுத்தைப் போடணும் என்பதெல்லாம் அவருடைய வேலை.

வடிவமைப்பைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கணும் என்ற எண்ணமும் அவருக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. 1911ல் ஓவியர் எமில் பிரீடோரியஸுடன் சேர்ந்து மியூனிக்கில் புத்தகக் கலைக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1922ல், அச்சுக்கோப்பும் ஒரு கலைதான் என்று வாதிடும் நூலை எழுதினார்.

இதில் ஆச்சரியம் என்னன்னா, இந்தக் காலம் வரைக்கும் ரென்னர் ஒரு புரட்சிக்காரர் இல்லை. பழைய மரபை மதித்து, அளவாக, அடக்கமாகப் புத்தகம் வடிவமைத்தவர். உலகத்தின் மிக நவீனமான எழுத்து இவர் கையிலிருந்து வரும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் நடந்த எழுத்துச் சண்டை

கதையைப் புரிந்துகொள்ள ஒரு பின்னணி தேவை. அன்றைய ஜெர்மனியில் இரண்டு விதமான எழுத்துகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று, மற்ற ஐரோப்பிய நாடுகள் பயன்படுத்திய ரோமன் எழுத்து. இன்னொன்று ஃபிராக்டூர். உடைந்த கோடுகளும் கூர்மையான முனைகளுமாக, தடித்த பேனாவால் எழுதிய மாதிரி இருக்கும் பழைய எழுத்து அது. ஹாலிவுட் படங்களில் பழைய ஜெர்மனியைக் காட்டும்போது போர்டுகளில் வருமே, அதுதான்.

ஃபிராக்டூர்தான் ஜெர்மன் இனத்தின் அடையாளம், ரோமன் எழுத்து வெளிநாட்டுச் சரக்கு என்று தேசியவாதிகள் பேசினார்கள். உலகத்தோடு வணிகமும் அறிவியலும் பேசணும்னா ரோமன் எழுத்துதான் சரி என்று எதிர்த்தரப்பு சொன்னது. எந்த எழுத்தில் அச்சடிக்கிறார் என்பதை வைத்தே ஒருவர் எந்தப் பக்கம் என்று கணிக்கும் அளவுக்கு விஷயம் அரசியலாகிப் போனது.

ரென்னரும் ஒரு காலத்தில் ஃபிராக்டூருக்காகப் பேசியவர்தான். போகப்போக அவர் கருத்து மாறியது. ரோமன் எழுத்துதான் இந்தக் காலத்துக்குப் பொருத்தம் என்ற முடிவுக்கு வந்தார். அந்த மாற்றத்துக்குப் பின்னாளில் அவர் கொடுத்த விலை பெரியது.

1924: ஒரு பதிப்பாளர் வைத்த கோரிக்கை

முதல் உலகப் போரில் தோற்று, 1923ல் பணவீக்கத்தால் நொறுங்கிப்போன ஜெர்மனி, 1924க்குப் பிறகு மெல்ல எழுந்தது. புதுக் குடியிருப்புகள், தட்டையான மொட்டை மாடிகள், அலங்காரம் இல்லாத நாற்காலிகள் என்று எல்லாமே புதுசாக மாறத் தொடங்கின. பௌஹவுஸ் கலைப்பள்ளி பிரபலமானதும் இதே காலத்தில்தான்.

1924ல் யாகோப் ஹெக்னர் என்ற பதிப்பாளர் ரென்னரின் ஓவியக்கூடத்துக்கு வந்தார். பழைய எழுத்துகளின் நகலாக இல்லாமல், நம் காலத்துக்கென்று ஒரு எழுத்து வேணும் என்பது அவருடைய கோரிக்கை. அந்தப் பேச்சு ரென்னரைத் தூங்கவிடவில்லை. உடனே வரையத் தொடங்கினார். வரைந்ததை ஹெக்னருக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் இல்லை.

பிறகு அந்த வரைபடங்கள் பிராங்க்ஃபர்ட்டில் இருந்த பௌவர் எழுத்து வார்ப்பாலைக்குப் போயின. 1837ல் தொடங்கப்பட்ட பழைய நிறுவனம் அது. அதன் உரிமையாளர் கியோர்க் ஹார்ட்மன் ரென்னரின் யோசனையில் ஆர்வம் காட்டினார். சோதனைக்காகச் சில எழுத்துகள் உலோகத்தில் வெட்டப்பட்டன.

அந்தக் காலத்தில் எழுத்துரு என்பது கம்ப்யூட்டர் ஃபைல் இல்ல. ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக அச்சு வெட்டி, ஈயக் கலவையை ஊற்றி வார்க்கணும். அச்சகங்கள் அதை எடை போட்டு வாங்கும். எழுத்து ஓடவில்லை என்றால் முதலீடு முழுக்க நஷ்டம். அதனால் வார்ப்பாலை எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தது, மாற்றியது. ரென்னரும் பல வடிவங்களைக் கைவிட்டார். மூன்று வருஷம் ஓடியது. 1927ல் ஃபியூச்சுரா சந்தைக்கு வந்தது. லத்தீனில் 'எதிர்காலம்' என்ற பொருள் தரும் பெயர்.

இங்கே ஒரு தகவலையும் சொல்லிடணும். ஃபியூச்சுரா பௌஹவுஸ் பள்ளியின் படைப்பு என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ரென்னர் அங்கே படித்தவரும் இல்லை, பாடம் நடத்தியவரும் இல்லை. அந்தக் காலத்தின் காற்று இருவர் மேலும் வீசியது, அவ்வளவுதான். இதே வகையில் யாகோப் எர்பாரும் ருடால்ஃப் கோக்கும் வரைந்த எழுத்துருக்களும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஜெர்மனியில் வெளிவந்தன. அவற்றையெல்லாம் தாண்டி ஓடியது ஃபியூச்சுராதான்.

வட்டம் மாதிரி தெரியும்.. ஆனா வட்டம் இல்ல!

ஃபியூச்சுராவின் பெரிய எழுத்து 'ஓ'வைப் பார்த்தால் காம்பஸில் சுற்றியது போலவே இருக்கும். 'ஏ' ஒரு முக்கோணம். சின்ன எழுத்து 'ஜே' வெறும் ஒரு நேர்கோடு, மேலே ஒரு புள்ளி. வளைவே கிடையாது. சின்ன 'டி' ஒரு சிலுவை. சின்ன 'ஏ' ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு குச்சியும்.

ஆரம்ப வரைபடங்களில் ரென்னர் இதைவிடவும் தீவிரமாகப் போயிருந்தார். சின்ன 'ஆர்' எழுத்தை ஒரு குச்சி, பக்கத்தில் ஒரு புள்ளி என்று வரைந்திருந்தார். 'எம்', 'என்' எழுத்துகள் வளைவில்லாமல் சதுரமாக இருந்தன. பார்க்க அழகு. ஆனால் வேகமாகப் படிக்கும்போது கண் தடுக்கும். அந்த வடிவங்களில் பெரும்பாலானவை பின்னால் ஒதுக்கப்பட்டன.

ரென்னரின் உண்மையான திறமை தெரிவது இன்னொரு இடத்தில். காம்பஸ் வைத்து அப்படியே வரைந்தால் எழுத்து நல்லா வராது. காரணம், நம் கண். ஒரே தடிமனில் ஒரு படுக்கைக் கோடும் ஒரு செங்குத்துக் கோடும் போட்டால், படுக்கைக் கோடுதான் தடிமனாகத் தெரியும். வட்டமும் குச்சியும் சேரும் இடத்தில் மை தேங்கிய மாதிரி ஒரு கறுப்புத் திட்டு தோன்றும். சதுரத்தின் உயரத்துக்கே வட்டத்தை வரைந்தால் வட்டம் சின்னதாகத் தெரியும்.

அதனால் ஃபியூச்சுராவில் படுக்கைக் கோடுகள் கொஞ்சம் மெலிந்திருக்கும். வட்டம் குச்சியைத் தொடும் இடம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். வட்ட எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் துளி தாண்டியிருக்கும். சுத்தமான கணக்கு மாதிரி தெரியணும் என்பதற்காக, கணக்கை அங்கங்கே மீறியிருக்கிறார்.

இன்னொரு ரகசியம், அதன் பெரிய எழுத்துகளின் அகலம். பழங்கால ரோமானியர்கள் கல்லில் செதுக்கிய எழுத்துகளில் 'ஓ' அகலமாகவும் 'ஈ', 'எஸ்' ஒடுக்கமாகவும் இருக்கும். அந்த விகிதத்தைத்தான் ரென்னர் எடுத்துக்கொண்டார். எதிர்காலம் என்று பேர் வைத்த எழுத்தின் எலும்புக்கூடு 1,900 ஆண்டுகள் பழசு! பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்ட நிலவுத் தகடு அத்தனை கம்பீரமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போல்டு: தடித்த எழுத்து ஏன் கஷ்டம்?

ஃபியூச்சுரா விற்கத் தொடங்கியதும் பௌவர் நிறுவனம் அதை ஒரு குடும்பமாகவே வளர்த்தது. மெலிந்தது, நடுத்தரம், தடித்தது, சாய்ந்தது, ஒடுங்கியது என்று 1930களில் வகைகள் கூடிக்கொண்டே போயின. இதில் விளம்பரக்காரர்கள் விரும்பிக் கேட்டது போல்டு.

எழுத்தைத் தடிமனாக்குவது சுலபம் மாதிரி தோணும். கோட்டை அகலமாக்கினால் போச்சு, அப்படித்தானே? இல்ல. கோடு தடிக்கத் தடிக்க எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் காணாமல் போகும். 'ஈ'யின் மூன்று கைகளுக்கு நடுவே இடமே இருக்காது. சின்ன 'ஏ'வின் வட்டத்துக்குள் ஒரு கடுகளவு ஓட்டைதான் மிஞ்சும். மெலிந்த வகையில் ஊசி மாதிரி இருக்கும் 'ஏ'வின் முனையை, தடித்த வகையில் மழுங்க வெட்டணும். இல்லன்னா எழுத்து கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு கிடைத்ததுதான் போல்டு. மெலிந்த ஃபியூச்சுரா அமைதியாக, கொஞ்சம் பணக்காரத்தனமாகப் பேசும். போல்டு நேராக முகத்தைப் பார்த்துப் பேசும். மூன்று, நான்கு சொற்கள் போதும், தூரத்தில் இருந்தே கண்ணைப் பிடித்துவிடும். இதைவிடத் தடித்த எக்ஸ்ட்ரா போல்டு 1952ல் அமெரிக்காவில் எட்வின் ஷார் கையால் வந்தது. அப்போது ரென்னர் உயிரோடுதான் இருந்தார். ஆனால் அந்த எழுத்து அவர் வரைந்தது இல்லை.

ஒரு சின்னப் புத்தகம்.. ஒரு கைது

ஃபியூச்சுரா வெளியான அதே 1927ல் மியூனிக்கில் அச்சுத் தொழிலுக்கென்று தொடங்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியின் தலைவரானார் ரென்னர். தன்னைவிட 24 வயது இளையவரான யான் சிகோல்டை அங்கே ஆசிரியராகக் கொண்டுவந்தார். நவீன அச்சுக்கலையின் மிகத் தீவிரமான குரல் சிகோல்டுடையது. அந்தப் பள்ளி வேகமாகப் பேர் வாங்கியது.

அதே மியூனிக்தான் ஹிட்லரின் கட்சி பிறந்த ஊர். நவீன ஓவியம், தட்டைக் கூரை வீடுகள், புது எழுத்துகள் எல்லாமே ஜெர்மன் பண்பாட்டை அழிக்க வந்த கம்யூனிச சதி என்று நாஜிக்கள் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் 'பண்பாட்டு போல்ஷ்விசம்' என்று ஒரு பட்டமும் கட்டினார்கள். யாரைப் பிடிக்கவில்லையோ அவர் மேல் அந்த முத்திரையைக் குத்தினால் போதும்.

ரென்னர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பட்டத்தையே தலைப்பாக வைத்து, கூடவே ஒரு கேள்விக்குறியையும் போட்டு, 1932ல் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். நவீனக் கலைக்கும் கட்டடக் கலைக்கும் எதிரான நாஜிப் பிரசாரத்தை அதில் ஒவ்வொன்றாக மறுத்தார். அந்த நூல் ஜெர்மனியில் வெளியாகவில்லை, சுவிட்சர்லாந்துப் பதிப்பகம் ஒன்றுதான் வெளியிட்டது. அரசு சம்பளம் வாங்கும் ஒரு பள்ளித் தலைவர், அதிகாரத்துக்கு வரப்போகும் கட்சியைப் பேர் போட்டு எதிர்த்து எழுதினார் என்றால் விளைவு என்னவாகும்?

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் மாதம் சிகோல்டு கைதானார். ஏப்ரலில் ரென்னரும் கைது செய்யப்பட்டார். சீக்கிரமே விடுவிக்கப்பட்டாலும் பள்ளிப் பதவி போய்விட்டது. 54 வயதில் வேலையும் இல்லை, மேடையும் இல்லை.

கொடுமை என்னன்னா, அதே ஆண்டு இத்தாலியின் மிலன் நகரில் நடந்த ட்ரியென்னாலே கண்காட்சியில் ஜெர்மன் அச்சுக்கலைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவரும் ரென்னர்தான். வெளிநாட்டில் ஜெர்மனியின் பெருமையாகக் காட்டப்பட்ட வேலை, உள்நாட்டில் குற்றமாகிப் போனது.

சிகோல்டு குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். ரென்னர் நாட்டை விட்டுப் போகவில்லை. கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் ஹோடிங்கன் என்ற கிராமத்தில் ஒதுங்கி, ஓவியம் வரைந்தும் எழுத்துரு வடிவமைத்தும் வாழ்ந்தார்.

நாஜிக்கள் அடித்த பல்டி

கதை இதோடு முடியவில்லை. ஃபிராக்டூர்தான் ஜெர்மன் எழுத்து என்று பேசியவர்கள் 1941 ஜனவரி 3ம் தேதி அப்படியே பல்டி அடித்தார்கள். ஹிட்லரின் உத்தரவின் பேரில் மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஃபிராக்டூர் வகை எழுத்துகள் உண்மையில் யூதர்களின் எழுத்து, இனி ரோமன் எழுத்தே இயல்பான எழுத்து என்றது அந்த அறிக்கை.

அந்த யூதக் கதைக்கு வரலாற்று ஆதாரம் எதுவும் கிடையாது. ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்ட பிறகு, அங்கிருந்த மக்களால் ஜெர்மன் அறிவிப்புகளைப் படிக்க முடியவில்லை என்பது நடைமுறைச் சிக்கல். அந்தச் சுற்றறிக்கை அடிக்கப்பட்ட தாளின் தலைப்பே ஃபிராக்டூரில்தான் இருந்தது என்பது இதில் பெரிய வேடிக்கை.

ஆக, ரோமன் எழுத்துக்காகப் பேசியவர் வேலையை இழந்து எட்டு ஆண்டுகள் கூட ஆகாத நிலையில், அவரைத் துரத்திய அரசே ரோமன் எழுத்துக்கு மாறியது. ரென்னருக்குப் பதவி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கு. ஃபியூச்சுராவை நாஜிக்கள் தடை செய்யவில்லை. பௌவர் அதைத் தொடர்ந்து விற்றது. எழுத்து சந்தையில் சுதந்திரமாகச் சுற்றியது, அதை வரைந்தவர்தான் முடங்கிக் கிடந்தார்.

அமெரிக்காவில் முளைத்த நகல்கள்

பௌவர் நிறுவனத்துக்கு 1920களின் கடைசியிலேயே நியூயார்க்கில் அலுவலகம் இருந்தது. ஃபியூச்சுரா அமெரிக்கப் பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் வேகமாகப் பரவியது. உடனே அங்கிருந்த எழுத்து நிறுவனங்கள் போட்டியில் இறங்கின. மோனோடைப் 'ட்வென்டியத் சென்சுரி' என்றும், லைனோடைப் 'ஸ்பார்டன்' என்றும் அச்சு அசலாக அதே சாயலில் எழுத்துருக்களைக் கொண்டுவந்தன.

இது திருட்டு இல்லையா? அமெரிக்கச் சட்டப்படி எழுத்தின் வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது. இன்றைக்கும் அங்கே எழுத்துரு மென்பொருளைப் பாதுகாக்கலாம், எழுத்தின் தோற்றத்தை அப்படிப் பாதுகாக்க முடியாது. அதனால் ரென்னரின் யோசனை வேறு வேறு பெயர்களில் உலகம் சுற்றியது.

நீங்களே இதைப் பார்த்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் எழுத்துருப் பட்டியலில் 'டீடபிள்யூ சென் எம்டி' என்று ஒன்று வரும். அந்த மோனோடைப் நகலின் கணினி வடிவம்தான் அது. ஐபோனிலும் ஐபேடிலும் அசல் ஃபியூச்சுராவே உள்ளே இருக்கு.

கடைசி ஆண்டுகள்: சண்டைக்கு நடுவே ஒரு பெரியவர்

போருக்குப் பிறகு ரென்னர் மறுபடி எழுதத் தொடங்கினார். நிறங்களின் ஒழுங்கு பற்றிய அவருடைய நூல் 1947ல் வந்தது. அதே சமயம் சுவிட்சர்லாந்தில் ஒரு பெரிய சண்டை வெடித்தது. நவீன பாணியின் முன்னோடியான சிகோல்டு, அந்த பாணியே சர்வாதிகாரிகளின் கட்டளை மாதிரி இருக்கு என்று சொல்லி, மரபான புத்தக வடிவமைப்புக்குத் திரும்பிவிட்டார். ஓவியரும் வடிவமைப்பாளருமான மாக்ஸ் பில் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்.

இந்தச் சண்டையில் 1948ல் ரென்னரும் கட்டுரை எழுதினார். எந்தப் பக்கமும் அடியோடு சாயவில்லை. இருவருடைய வாதத்திலும் இருந்த நியாயத்தை எடுத்துச் சொல்லி நடுநிலையாக நின்றார். நாஜிக்களால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் என்பதால் அவர் பேச்சுக்குத் தனி எடை இருந்தது.

1956 ஏப்ரல் 25ம் தேதி ஹோடிங்கனில் ரென்னர் காலமானார். வயது 77.

இன்று எங்கெல்லாம் பார்க்கலாம்?

ரென்னர் மறைந்த பிறகுதான் ஃபியூச்சுராவின் பெரிய ஆட்டம் தொடங்கியது.

- ஃபோக்ஸ்வேகன்: 1959ல் அமெரிக்காவில் வந்த பீட்டில் கார் விளம்பரங்கள். பக்கம் முழுக்க வெற்றிடம், மூலையில் சின்னக் கார், கீழே ஃபியூச்சுராவில் ஒரு வரித் தலைப்பு. விளம்பரக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் இந்த வரிசைக்குப் பிறகு, பல பத்தாண்டுகள் அந்த நிறுவனம் ஃபியூச்சுராவை விடவில்லை.

- லூயி விட்டான்: விலை உயர்ந்த பைகளில் வரும் அந்தப் பெயர் ஃபியூச்சுராவில் அமைந்தது.

- ஃபெடெக்ஸ்: 1994ல் லிண்டன் லீடர் வடிவமைத்த லோகோ. ஃபியூச்சுரா போல்டு, யூனிவர்ஸ் என்ற இரண்டு எழுத்துருக்களின் குணங்களைக் கலந்து உருவாக்கினார். 'ஈ', 'எக்ஸ்' எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெள்ளை அம்புக்குறி ஒளிந்திருக்கும். அடுத்த முறை கூரியர் வேனைப் பார்த்தால் தேடிப் பாருங்க.

- பார்பரா க்ரூகர்: அமெரிக்கக் கலைஞர். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல் சிவப்புப் பட்டை, அதில் சாய்ந்த ஃபியூச்சுரா போல்டில் வெள்ளை எழுத்து. நுகர்வு மோகத்தையும் பெண்கள் மீதான அதிகாரத்தையும் கேள்வி கேட்டவை இவரது படைப்புகள். விளம்பரத்தின் குரலை வைத்தே விளம்பரத்தை விமர்சித்தார்.

- சுப்ரீம்: 1994ல் நியூயார்க்கில் தொடங்கிய ஆடை நிறுவனம். சிவப்புப் பெட்டிக்குள் சாய்ந்த வெள்ளை ஃபியூச்சுரா. க்ரூகரின் படைப்புகளோடு ஒப்பிட்டு இந்த லோகோ பற்றி இன்றும் விவாதம் நடக்குது. நுகர்வை விமர்சிக்கப் பிறந்த தோற்றம் டி-ஷர்ட் விற்கப் போனது என்பது விமர்சகர்களின் ஆதங்கம்.

- சினிமா: ஸ்டான்லி குப்ரிக்குக்குப் பிடித்த எழுத்துரு இது. வெஸ் ஆண்டர்சனின் 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படத்தில் டைட்டில் மட்டுமில்ல, காட்சிக்குள் வரும் போர்டுகளும் ஃபியூச்சுராதான்.

- ஐகியா: ஃபியூச்சுராவைத் தழுவிய தனி எழுத்துருவை வைத்திருந்த இந்த நிறுவனம் 2009ல் வெர்டானாவுக்கு மாறியபோது, உலகம் முழுக்க வடிவமைப்பாளர்கள் இணையத்தில் எதிர்ப்புக் கிளப்பினார்கள். ஒரு ஃபாண்ட் மாறியது செய்தியானது அபூர்வம்.

எங்கே பயன்படுத்தக் கூடாது?

இவ்வளவு புகழ் இருந்தாலும் ஃபியூச்சுரா எல்லா வேலைக்கும் ஆகாது. சின்ன 'ஏ'யும் சின்ன 'ஓ'வும் கிட்டத்தட்ட ஒரே வட்டம். 'சி', 'ஜி', 'க்யூ' எல்லாம் அதே வட்டத்தின் சொந்தக்காரர்கள். பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் வெறும் குச்சிகள். சின்ன அளவில், நீளமான பத்தியில் இவை ஒன்றோடு ஒன்று குழம்பும். போல்டில் குழப்பம் இன்னும் கூடும், உள்ளே இருக்கும் வெள்ளை இடம் குறைவு என்பதால்.

அதனால்தான் தலைப்பு, லோகோ, போஸ்டர், பெயர்ப்பலகைக்கு போல்டு. நீங்கள் போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் நீளமான செய்திக்கு வேறு எழுத்து. சொற்கள் குறைவாக, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரியாக இருந்தால் ஃபியூச்சுரா போல்டு தோற்காது. பத்து வரி தாண்டினால் கண் களைத்துவிடும்.

ரென்னர் கதை சொல்வது என்ன?

எழுத்துரு என்பது வெறும் அழகு விஷயம் என்றுதான் நாம் நினைக்கிறோம். 1930களின் ஜெர்மனியில் அது வேலையையும் விடுதலையையும் பறிக்கும் விஷயமாக இருந்தது. தட்டைக் கூரையும் நேர்கோடும் தேசத் துரோகம் என்று ஒரு கட்சி சொன்னபோது, அது பொய் என்று எழுதி அச்சடித்து, தன் பெயரையும் போட்டுக்கொண்டார் ரென்னர்.

ஃபியூச்சுரா இன்று கைப்பை விற்கிறது, கார் விற்கிறது, அவற்றை வாங்கும் மோகத்தைக் கேலியும் செய்கிறது. யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்காக உழைக்கும் எழுத்து அது. அதை வரைந்த மனிதர் அப்படி இருக்கவில்லை. அதற்கான விலையை 54 வயதில் கொடுத்தார்.